சாவி வளையத்தில் ஒரு சாம்பல் பிளக்

வீடு பார்த்துக் கொடுத்த தரகர்தான் முதலில் சொன்னார். அவருக்கு டயர்க்கடைக்காரர் சொன்னாராம். டயர்க்கடைக்காரருக்கு யாரோ ஒரு பால்வண்டி டிரைவர்.

"கீழ ஒர்க்‌ஷாப். கொஞ்சம் சத்தம் இருக்கும், பொறுத்துக்குங்க. ஆனா அதை நடத்துற அம்மா லேசுப்பட்ட ஆள் இல்ல. ஓடுற இன்ஜின் மேல ஒரு விளக்கைக் காட்டுமாம். அது அப்படியே நின்னுடுமாம். சத்தம் மட்டும் ஓடிக்கிட்டே இருக்குமாம்."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"நான் எங்க பார்த்தேன்? பார்த்தவங்க இருக்காங்களாம்," என்று மாடி அறைச் சாவியை என் கையில் வைத்து அழுத்தினார்.

அந்த ஊருக்கு வந்து எனக்குப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. யார் எதைச் சொன்னாலும் நம்பினேன். நம்பியதற்கெல்லாம் பயந்தேன். முதல் இரண்டு நாள் ஒர்க்‌ஷாப் பக்கம் திரும்பாமலே படியேறி இறங்கினேன். மூன்றாம் நாள் காலையில் கீழே ஒரு இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. படிக்கட்டின் பாதியில் நின்று எட்டிப் பார்த்தேன்.

தகரக் கூரைக்கு அடியில் பாதி இருட்டு. பானெட் திறந்த லாரிக்குள் இடுப்புவரை குனிந்து ஒரு பெண். கையில் துப்பாக்கி வடிவத்தில் ஒரு விளக்கு. அது படபடவென்று சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில், பேயாகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டிய புல்லிச் சக்கரம், தண்ணீருக்கு அடியில் கிடக்கும் தட்டைப் போல லேசாக நடுங்கியபடி நின்றிருந்தது. அதன் விளிம்பில் சாக்பீஸால் போட்ட ஒரு வெள்ளைக் கோடு. இரைச்சல் மொத்தமும் ஓடிக்கொண்டிருக்க, அந்தக் கோடு மட்டும் எங்கேயும் போவதாக இல்லை.

வதந்தி என்று நான் நினைத்தது, சொல்லுக்குச் சொல் உண்மையாக இருந்தது.

"மேல நின்னு எட்டிப் பார்த்தா கழுத்து சுளுக்கிக்கும். கீழ வா தம்பி," என்றது குரல், தலை நிமிராமலே. "கைய மட்டும் உள்ள விட்டுடாத. நிக்குதேன்னு நம்பித் தொட்டா விரல் இருக்காது."

இப்படித்தான் ஊசியக்கா எனக்குப் பழக்கமானாள். அவளுக்கு நான் ஒரு வாரத்தில் 'மாடி' ஆகிவிட்டேன். "மாடி, இறங்கி வா." "மாடி சாப்பிட்டாச்சா?" சமயத்தில் தம்பி. அவள் கணவர், லாரி ஓட்டுபவர், எனக்கு மாமாவானார். அவர் என்னை மாப்பிள்ளை என்றார். ஊர்விட்டு ஊர் வந்த ஒருவனுக்கு, படிக்கட்டுக்குக் கீழே ரெடிமேடாக ஒரு குடும்பம்.

விளக்கின் மர்மத்தை அவள் அன்றே உடைத்துவிட்டாள். "முதல் சிலிண்டருக்குப் போற ஒயர்ல இதை மாட்டியிருக்கேன் பாரு. அங்க ஸ்பார்க் அடிக்கும்போதெல்லாம் இந்த லைட் ஒரு சிமிட்டு சிமிட்டும். சிமிட்டும்போதெல்லாம் புல்லி அதே இடத்துலதான் இருக்கும். மத்த நேரம் எங்க வேணா இருக்கட்டும், இருட்டு. உன் கண்ணுக்குத் தெரியாது. அதான் நிக்கிற மாதிரி இருக்கு."

"கோடு எங்க நிக்கணும்?"

"பத்துல. பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்குப் பத்து டிகிரி முன்னாடியே நெருப்பு வெச்சுடணும். வந்த பிறகு வெச்சா லேட்டு, வண்டி இழுக்காது. ரொம்ப முன்னாடி வெச்சா, ஏறி வர்றவன் தலையிலயே குட்டுன மாதிரி, டக்கு டக்குனு தட்டும்." நெருப்பைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை இரண்டு கையாலும் பிடித்து, குழந்தையின் முகத்தைத் திருப்புவதுபோல, தெரிந்தும் தெரியாமலும் திருப்பினாள். வெள்ளைக் கோடு மிதந்து போய்ப் பத்தில் உட்கார்ந்தது.

அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். அவளே தைத்துக்கொண்ட நீல ஓவரால். தொடைப் பக்கத்தில் டார்ச்சுக்கு ஒரு பை, நெஞ்சில் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பை, முழங்காலில் இரட்டைத் துணி. ஒர்க்‌ஷாப்பின் மூலையில், ஆயில் டப்பாக்களுக்கும் பழைய பேட்டரிகளுக்கும் நடுவே, துணி போர்த்தி ஒரு தையல் மிஷின். வண்டிகளைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது எல்லாம் அந்த மிஷினிலிருந்து வந்ததுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் பத்து வருஷம் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருந்தாள். ஒரு கூடத்தில் முந்நூறு மிஷின். ஊசி கீழே இறங்கி, ஒரு மயிரிழை மேலேறும்போது நூல் ஒரு சின்ன வளையமாகப் பிதுங்கும். அந்தக் கணத்தில் கொக்கி சுற்றி வந்து வளையத்தைக் கவ்வ வேண்டும். முன்னால் வந்தால் வளையம் பிறந்திருக்காது. பின்னால் வந்தால் கலைந்திருக்கும். தையல் விட்டுப்போகும். மிஷின் மெக்கானிக்குகள் கூப்பிட்டால் அரைநாள் கழித்து, பல்குத்திக்கொண்டே வருவார்கள். அவள் காத்திருந்து பார்த்தாள், பிறகு அவளே ஸ்குரூடிரைவரை எடுத்தாள். ஒரு வருஷத்தில் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, "ஊசி, என் மிஷினைக் கொஞ்சம் கேட்டுட்டுப் போ" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பார்த்துவிட்டுப் போ என்றல்ல, கேட்டுவிட்டுப் போ என்று. பெயர் அப்போது ஒட்டியது.

மாமா அங்கே அட்டைப்பெட்டிகள் ஏற்ற வந்தவர். லாரியைப் பின்னால் எடுக்கும்போது அது திக்கித் திக்கி நின்றது. ஏற்றுமேடையில் நின்றிருந்த ஊசி சொன்னாளாம்: "உங்க வண்டிக்கு டைமிங் தப்பு."

"தையல்காரம்மாவுக்கு லாரியப் பத்தி என்ன தெரியும்?"

"லாரி தெரியாது. தையல் விட்டுப்போற சத்தம் தெரியும்."

"அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டேன் மாப்ளே," என்பார் மாமா. "இருபத்திரண்டு வருஷமா பதில் வந்துக்கிட்டே இருக்கு."

"கேட்டு வாங்கிக்கிட்ட வம்பு," என்பாள் அக்கா, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறியபடி.

எனக்கு வேலை, ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் காகிதங்களைப் பெயர்த்துக் கொடுப்பது. அந்த ஊர் மொழியில் அவளிடம் ஒரு கனத்த லாரிப் புத்தகம் இருந்தது. படங்களை வைத்தே பத்து வருஷம் ஓட்டியிருந்தாள். சாயங்காலங்களில் நான் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்வேன். "அடிப்படை நேரத்தை அமைக்கும் முன் இணைப்பானை அகற்றுக" என்று நான் ஆரம்பித்தால், "யாரு செத்துட்டாங்க, இப்படிப் படிக்கிற?" என்பாள்.

மாமாவின் லாரி பழையதுதான், ஆனால் கார்புரேட்டர் காலத்துக்குப் பிந்தியது. பெட்ரோலைப் பீய்ச்சுவதையும் நெருப்பை எப்போது வைப்பதென்பதையும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி பார்த்துக்கொள்ளும். ஆள் கையால் வைக்க வேண்டியது அந்தப் பத்து டிகிரி மட்டும். வேகத்துக்கும் பாரத்துக்கும் தகுந்தபடி மிச்சத்தைப் பெட்டி கூட்டிக்கொள்ளும். ஆனால் பெட்டி குறுக்கே பேசிக்கொண்டிருந்தால் பத்து எங்கே என்று தெரியாது. அதனால் ஒயரில் கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு சாம்பல் நிற பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் விளக்கைக் காட்ட வேண்டும். முடித்ததும் திரும்பச் சொருக வேண்டும்.

"புருஷனுக்குச் சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரிதான்," என்றாள். "பேசிக்கிட்டே இருந்தா நெஞ்சளவு சரியா வராது. வாய மூடச் சொல்லணும். அளவெடுத்தாச்சுன்னா பேச விட்டுடணும், இல்லைன்னா மூச்சு முட்டிப் போயிடும்."

ஒர்க்‌ஷாப் தொடங்கிய முதல் வருஷத்தில் ஒருமுறை மறந்திருக்கிறாள். யாரோ ஒருவரின் வேன். பிளக் அவள் சட்டைப் பையில் மூன்று நாள் இருந்தது. வேன் தட்டாமல், சத்தமில்லாமல், ஆனால் நோயாளி மாதிரி ஊர்ந்தது. மேடு கண்டால் கொதித்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. எந்த வண்டியில் பிளக்கைப் பிடுங்கினாலும், அதை ஒரு ரப்பர்பேண்டில் கட்டி அந்த வண்டியின் சாவி வளையத்திலேயே தொங்கவிடுவாள். டைமிங் வைத்து போல்ட்டை இறுக்கியதும் இன்ஜினை அணைத்து, சாவியைப் பலகையின் கொக்கியில் மாட்டிவிட்டுக் கைகழுவப் போவாள். கைகழுவி வந்து, புதுக் கண்ணோடு இன்னொரு தடவை விளக்கைக் காட்டிப் பார்ப்பாள். அதன்பிறகே பிளக் தன் இடத்துக்குப் போகும். சாவியில் பிளக் இருந்தால் வண்டி வாசலைத் தாண்டாது. இது மாமாவுக்கும் தெரியும், வாடிக்கைக்காரர்களுக்கும் தெரியும். சொருகினோமா என்று அவள் நினைவுபடுத்திப் பார்ப்பதே இல்லை. நினைவின் வேலையைச் சாவி பார்த்துக்கொண்டது.

போன கோடையில் மலைச் சாலை மேட்டில் மாமா நின்றுபோனார்.

குஞ்சுப் பண்ணையிலிருந்து ஒருநாள் வயதுள்ள கோழிக்குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப்பக்கம் போக வேண்டும். நாலாயிரம் குஞ்சு, ஓட்டை போட்ட பெட்டிகளில். மூன்றாவது வளைவில் பெட்ரோல் பம்ப் செத்துவிட்டது. அது அக்காவின் தப்பு இல்லை, யாருடைய தப்பும் இல்லை. வண்டி நின்றதும் காற்று நின்றது. மாற்று வண்டி வர மூன்று மணி நேரம். மாமா ஒரு அட்டையைக் கிழித்து விசிறிக்கொண்டே இருந்திருக்கிறார், இந்தப் பெட்டிக்கு, அந்தப் பெட்டிக்கு.

"முதல்ல கீச் கீச்சுனு காது கிழியும் மாப்ளே. திட்டிக்கூட இருக்கேன், வாய மூடுங்கடா சனியன்களான்னு. அப்புறம்..." கையிலிருந்த டம்ளரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "சத்தம் குறைஞ்சுச்சு."

அதற்குப் பிறகு சமவெளி ஓட்டம் மட்டும்தான். ரொட்டி, காகிதச் சுருள், காலி பாட்டில். மலைச் சாலை என்றால் ஏதாவது சாக்கு. இந்த வசந்தத்தில் பண்ணைக்காரர் மறுபடி கூப்பிட்டார். அக்கா சரி என்று சொல்லிவிட்டாள். இரண்டு நாள் மாமா அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது சொன்னார்: "போறேன். ஆனா இன்னொரு தடவை அந்த மேட்டுல நின்னேன்னா, சாவிய உன் கையில கொடுத்துட்டு உக்காந்துடுவேன். அப்புறம் எந்த வண்டியிலும் ஏறமாட்டேன். சொல்லிட்டேன்."

"உக்காந்து என்ன பண்ணுவீங்க?"

"உன் வாயப் பார்த்துக்கிட்டு இருப்பேன்."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அக்கா தண்ணீர்க் குடத்தை வைத்த விதத்தில் தெரிந்தது. லாரி ஓட்டாத மாமாவை அவளால் கற்பனை செய்ய முடியவில்லை. அவராலும் முடியவில்லை.

மணல் மூட்டை ஏற்றி ஊருக்குள் ஒரு சின்ன ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். டக் டக்கென்று தட்டியது. "டைமிங் முன்னால ஓடுது. புறப்படுற அன்னிக்குக் காலையில வெச்சுத் தர்றேன்," என்றாள் அக்கா.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்தது ஒன்றையும் சொல்ல வேண்டும். மாமா தன் வண்டிச் சாவியைப் பனிக்காலத்திலேயே தொலைத்திருந்தார். அதிலிருந்து ஒர்க்‌ஷாப் பலகையில் தொங்கும் இன்னொரு சாவியைத்தான் எடுத்துப் போவார், திட்டும் வாங்குவார். ஞாயிறன்று அக்கா தையல் மிஷினின் போர்வையை எடுத்து அவருடைய கோட்டைத் தைக்க உட்கார்ந்தாள். பாக்கெட்டின் அடிப்பக்கம் கிழிந்து, உள்துணிக்குள் ஏதோ கனமாக இறங்கியிருந்தது. விரலை விட்டு எடுத்தாள். சாவி.

"பாரு மாடி, தன் வயித்துக்குள்ளேயே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்காரு." பாக்கெட்டை நெருக்கமாகத் தைத்தாள். சாவியைத் துடைத்து அதே பாக்கெட்டுக்குள் போட்டாள். "சொல்லாத. எத்தனை நாள் கழிச்சுக் கண்டுபிடிக்கிறாருன்னு பாப்போம்."

நானும் சொல்லவில்லை. மிஷின் ஓடிய ஓட்டம் அன்று காதுக்கு இதமாக இருந்தது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

புறப்படும் நாள் விடிந்தபோது தெரு முழுக்கப் பனிமூட்டம். ஆறரைக்கே அக்கா இன்ஜினைச் சூடாக்கிவிட்டாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு வழியாக மூட்டம் உள்ளே வந்து தரையில் படுத்தது. விளக்கு சிமிட்டச் சிமிட்ட, அந்த வெள்ளை முழுவதும் சிமிட்டியது. டூல்ஸ் பலகை, குழாயடி, அக்காவின் மணிக்கட்டு எல்லாம் இருந்தும் இல்லாமலும் மாறிக்கொண்டிருந்தன. நடுவில் அந்தக் கோடு, பதினான்கிலிருந்து பன்னிரண்டு, பன்னிரண்டிலிருந்து பதினொன்று என்று, தூக்கத்தில் புரண்டு படுப்பவர் மாதிரி நகர்ந்து பத்துக்கு வந்தது. உலகத்தில் எல்லாம் அதனதன் நேரத்தில் நடக்கும் என்று அந்த ஒரு நிமிடம் எனக்குத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றுவது அபூர்வம்.

போல்ட்டை இறுக்கினாள். இன்ஜினை அணைத்தாள். சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் குழாயடிக்குப் போனாள். நான் மாடிக்குப் போனேன்.

அறையில் வென்னீர் ஹீட்டர் புதிதாக ஏதோ முனகியது. இன்னொருவராக இருந்தால் விட்டிருப்பார். நான் படி முனைக்கு வந்து, "அக்கா, ஹீட்டர்ல என்னமோ சத்தம் வருது, வெடிச்சிடுமோ?" என்று கத்தினேன். அவள் ஈரக்கையோடு ஏறி வந்தாள். காதை வைத்துக் கேட்டாள்.

"தம்பி, இது தண்ணி கொதிக்கிற சத்தம்."

"நேத்து வரலையே?"

"நேத்து நீ கேக்கல. உன் வயித்துல எப்பவும் ஒரு இன்ஜின் ஐடில்ல ஓடிக்கிட்டே இருக்கு. உனக்குத்தான் முதல்ல டைமிங் வெக்கணும்."

அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கீழே பானெட் படாரென்று மூடும் சத்தம். லாரி கிளம்பியது. ஜன்னலுக்கு ஓடினோம். மூட்டத்துக்குள் பின்விளக்குகள் இரண்டும் போய்க்கொண்டிருந்தன. மாமா கையை வெளியே நீட்டி, "பண்ணையில சீக்கிரம் வரச் சொல்றாங்க! வரேன்!" என்றார். தட்டல் இல்லை. வண்டி வெண்ணெய் மாதிரி போனது.

அக்கா ஒரு கணம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"போட்டேனா?" என்றாள், தனக்குத்தானே. பிறகு, "போட்டிருப்பேன். சாவியில பிளக் இருந்திருந்தா பார்த்திருப்பாரு. பார்த்தா எடுத்துட்டுப் போகமாட்டாரு," என்றாள். பதினொரு வருஷத்துப் பழக்கம் அவளுக்காக அந்தப் பதிலைச் சொன்னது. நானும் நிம்மதியானேன். ஒருவேளை அவளைவிட அதிகமாக.

மூட்டம் விலகி வெயில் வந்தது. அவள் ஒரு ஜீப்பின் பிரேக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மாமாவின் போன் விஷயத்தில் வீட்டில் ஒரு சட்டம் உண்டு, அக்கா போட்டது. சக்கரம் உருளும்போது போன் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்க வேண்டும். அடிவாரத்தில் ஏற்றிய சரக்கைச் சரிபார்க்க ஒரு நிமிடம் நிறுத்தும்போது ஒரு மிஸ்டு கால், 'ஏறப்போறேன்.' உச்சியில் நிறுத்தியதும் இன்னொன்று, 'ஏறிட்டேன்.' நடுவில் நாற்பது நிமிடம், சமயத்தில் ஐம்பது.

பத்து முப்பத்தைந்துக்குப் போன் ஒருமுறை அடித்து நின்றது. அக்கா கிரீஸ் கையோடு அதைப் பார்த்தாள். "ஏறுறாரு," என்றாள். ஸ்பானரை எடுத்தாள், வைத்தாள், வேறொன்றை எடுத்தாள்.

நான் காரை எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. என் கார்ச் சாவியும் அந்தப் பலகையில்தான் தொங்கும், அறையில் வைத்தால் பத்து முறை தேடுவேன் என்பதால். கையை நீட்டினேன். பக்கத்துக் கொக்கியில் லாரிச் சாவி. அதன் வளையத்தில், ரப்பர்பேண்டில், கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு சாம்பல் பிளக். ஜன்னலிலிருந்து வந்த காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

நீட்டிய கையால் அந்தப் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். அக்காதான் என் முதுகைப் பார்த்து, "என்ன?" என்றாள். எழுந்து வந்தாள். பார்த்தாள்.

"தொலைஞ்ச சாவிய இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சிருக்காரு," என்றாள் மெதுவாக. "நான்தான் போட்டேன். தைச்சு, துடைச்சு, நானேதான் போட்டேன்."

"நான் கூப்பிடாம இருந்திருந்தா—"

"சும்மா இரு மாடி. யார் தப்புன்னு அப்புறம் பங்கு போட்டுக்கலாம்."

சாவியைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். ரப்பர்பேண்டை அறுத்து பிளக்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். நான் கேட்காமலே பேச ஆரம்பித்தாள், கணக்குச் சொல்லிப் பார்க்கும் குரலில். "குஞ்சு பாரம் கிடையாது. நாலாயிரம் இருந்தாலும் பஞ்சுதான். பத்து டிகிரியிலயே ஏறும். ரெண்டாவது கியர்ல முக்கி முனகி ஏறும். சூடாகும், ஆனா உடனே கொதிச்சிடாது. வண்டி தானா நிக்காது." நிறுத்தினாள். "ஆனா இவருக்கு அது தெரியாதே. மிதிக்க மிதிக்க இழுக்கலைன்னா, மூணாவது வளைவு வந்ததும் இவருக்குப் போன கோடைதான் கண்ணு முன்னால வரும். வண்டி நிக்காது தம்பி. இவர் நிறுத்திடுவாரு."

நிறுத்தினால் காற்று நிற்கும். காற்று நின்றால், அவர் சொன்ன அந்தச் சத்தம் மறுபடி குறையும். அதன்பிறகு அவர் எந்த வண்டியிலும் ஏறமாட்டார்.

"கார எடு," என்றாள்.

"ரெண்டு மணி நேரம் ஆகுமே அக்கா அங்க போக?"

"இங்க நின்னு இந்தப் பலகையப் பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

ஓவராலோடு வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தாள். கிரீஸ் படாமல் என் இருக்கைத் துணியைக் காப்பாற்ற, அந்த நேரத்திலும், தன் துடைக்கும் துணியை விரித்து அதன்மேல் உட்கார்ந்தாள். போனைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தாள். ஒரு கை மூடியே இருந்தது.

"எடுத்தா என்ன சொல்லுவீங்க?" என்றேன்.

"எடுத்தா நின்னுட்டாருன்னு அர்த்தம். ஒரு கம்பித் துண்டை வளைச்சு, ஒயர்ல அந்த ரெண்டு ஓட்டையிலயும் சொருகச் சொல்லுவேன். இந்தப் பிளக்குக்குள்ளயும் அவ்வளவுதான் இருக்கு, ஒரு கம்பி. அரை நிமிஷ வேலை. 'உங்க மேல தப்பில்ல, வண்டி மேலயும் தப்பில்ல, இந்தத் தையல்காரி தப்பு, நீங்க ஏறுங்க'ன்னு சொல்லுவேன்."

"எடுக்கலைன்னா?"

"எடுக்கலைன்னா ஓடிட்டிருக்காரு. எடுக்கவே வேணாம். அடிக்கட்டும்."

கேட்டைத் தாண்டி, டயர்க்கடையைத் தாண்டி, நெடுஞ்சாலைக்குத் திரும்பினோம். மணி பத்து ஐம்பத்திரண்டு. மடியில் போன் அடித்தது. ஒரு ஒலி, ஒரு மௌனம். ஒரு ஒலி, ஒரு மௌனம். ஒவ்வொரு ஒலிக்கும் எனக்கு அந்த லாரி தெரிந்தது, வெயிலில், வளைவில், பெட்டிகளின் ஓட்டைகளோடு, சாக்பீஸ் கோடு மாதிரி ஒரே இடத்தில். மௌனத்தில் அது ஏறிக்கொண்டிருக்கலாம். நிற்கும்போது மட்டும் என் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எடுக்காமலிருக்க இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு கையிலும் அட்டையைப் பிடித்து விசிறிக்கொண்டிருப்பவருக்கு, டேஷ்போர்டு பெட்டிக்குள் அடிக்கும் போன் கேட்காது. அக்கா அதை நினைத்தாளா என்று கேட்கத் துணியவில்லை. அவள் கண்ணை மூடியிருந்தாள். யாருடைய மிஷினையோ கேட்பதுபோலத் தலை சற்றுச் சாய்ந்திருந்தது.

ரிங் போய் ஓய்ந்தது. திறந்திருந்த கையின் கட்டைவிரலால் மறுபடி அழுத்தினாள்.

"மெதுவா போ மாடி," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "அடிக்குது."